பச்சைப் புளியங்குச்சி

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டே, அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறேன். நேற்று ஒரு அம்மா, மூன்றாம் வகுப்பு மகளை அழைத்துவந்து, சீவிய புளியங்குச்சி ஒன்றையும் தந்தார்.

"நல்லா அடிங்க டீச்சர். நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்ங்க."

பச்சைக் குச்சியின் அந்தத் துவர்ப்பு வாசனை எனக்கு முன்பே தெரியும்.

சின்ன வயதில் எனக்கும் அப்பா இப்படித்தான் சீவிக் கொடுத்தனுப்பினார். டியூஷன் எடுத்த காலேஜ் அண்ணன் என் இடது கையில்தான் அடிப்பான். இன்றைக்கும் அவனுக்கு மரியாதை கொடுக்க வாய் வரவில்லை. "சோத்தாங்கை எழுதறதுக்கு வேணும்" என்பான். நான் எழுதுவதே இடது கையால். வாய்ப்பாடு தப்பியதற்கு ஒருநாள் விரல்கள் வீங்க அடித்தான். வீங்கிய விரலால் எழுதிய எண்கள் கோணின. அதற்கும் அடித்தான், நோட்டில் ரத்தம் சொட்டும்வரை.

வீட்டில் அப்பா என் கையைப் பார்த்தார்.

"குச்சி ஒடஞ்சிருச்சா? வேற வெட்டட்டா?"

நேற்று அந்த அம்மா போனதும் குச்சியை முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தேன். பச்சைக் குச்சி, முறியாமல் வளைந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்தபோது அந்தச் சிறுமி கண்களை இறுக மூடி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.