என் பெயரில் முதல் குழாய்

டெல்லியில் ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடிநீர் இணைப்பு வேண்டுமென்றால், லைசென்ஸ் உள்ள பிளம்பர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அது இல்லாததால் பல வருடங்கள் நான் குழாய் பதிப்பேன், லைசென்ஸ் வைத்திருந்த குப்தாஜி கையெழுத்துப் போடுவார். நேரில் வந்து பார்க்க மாட்டார். “ஹோ கயா?” என்பார். முடிந்தது என்பேன். அவ்வளவுதான்.

சென்ற வருடம் நானே லைசென்ஸ் வாங்கினேன். முதல் வேலை முனிர்காவில், ஒரு நாகர்கோவில் நர்ஸம்மா வீட்டில். குழியை மூடிவிட்டு, படிவத்தில் ‘கசிவு இல்லை எனச் சோதித்தேன்’ என்ற வரிக்குக் கீழே பேனாவை வைத்தேன். நான் சோதிக்கவே இல்லை. மண்வெட்டியை எடுத்தேன்.

“என்னண்ணே, இப்பத்தானே மூடுனீங்க?”

“இது என் பேர்ல போற குழாய்ம்மா. ஒரு தடவை பாத்துடறேன்.”

“அச்சா, பாருங்க.”

கைப்பம்பு வைத்துக் குழாயில் தண்ணீரை ஏற்றினேன். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் ஒற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

குப்தாஜி பெயரில் நான் சோதிக்காமலே மூடிய குழிகள் அதே தெருக்களில் நிறைய இருக்கின்றன. இப்போதெல்லாம் அங்கே தரையைப் பார்த்துத்தான் நடக்கிறேன். மழையில்லாத நாளில் எங்காவது ஈரம் தெரிந்தால் நின்றுவிடுகிறேன்.