ராஜாவின் முழங்காலும் சின்னராசுவின் பாஸ்போர்ட்டும்

கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவனுக்கு விடியும்வரைதான் நாடு. விடிந்தால் காதோரம் அரிதாரம் ஒட்டியிருக்க, நல்லம்பள்ளி பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். தொழிலில் அடிபட்டு, அதற்கு யாருமே பொறுப்பில்லை என்று பிறகு தெரிந்துகொண்ட என் இனத்தாரே, நீங்கள்தான் இதைப் படிக்க வேண்டும். எங்கள் கூத்து ஜமாவில் கட்டியக்காரன் வேஷம் போடுகிற சின்னராசுமேல் எனக்குப் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சோறு இறங்காத பொறாமை.

கிலோ கணக்கு

பிரான்சிலிருந்து ஒரு நாடகக் குழுவினர் பாப்பாரப்பட்டிக்குக் கூத்துப் பார்க்க வந்தார்கள். எங்களில் ஒருவரை அழைத்துப்போய்த் தங்கள் நாடகத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். நான் உயிரைக் கொடுத்து ஆடினேன். சின்னராசு வழக்கம்போல நடுவில் வந்து என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போனான். கட்டியக்காரனின் வேலையே அதுதான்.

என் கிரீடம், தோள்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாமே மரம். கட்டிவிட இரண்டு பேர் வேண்டும். அவனுக்கு ஒரு குல்லா, ஒரு தொளதொள கால்சட்டை, அவ்வளவுதான். ஜமாவை நடத்துகிற வாத்தியார் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அவன் துணிப்பையையும் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பிளேன்ல கிலோ கணக்கு மாதையா. அவன் வேஷம் கைப்பையில அடங்கிருது."

சாட்சி

சின்னராசுவின் பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணை வந்தது. அக்கம்பக்கத்துச் சாட்சியாக என்னையே கூப்பிட்டார்கள். ஆள் எப்படி என்று போலீஸ்காரர் கேட்டதும் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது. "ராத்திரி பூரா ஊர் நடுவுல நின்னு என்னைய வாய்க்கு வந்தபடி பேசுறவனுங்க சார்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் சிரிக்கக்கூட இல்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார்: "நானும் கூத்துப் பாக்கறவன்தானுங்க. கையெழுத்தப் போடுங்க, இன்னும் நாலு வூடு போவணும்."

மழை மாதம்

அவன் போன பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் கூத்தும் இல்லை, கூலியும் இல்லை. நானும் எல்லை தாண்டினேன். அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்கு, கட்டிட வேலைக்கு. அதற்கு விசா கேட்பதில்லை. அதற்கு முந்தைய ஆடியில் சேற்றில் சுழன்று ஆடும்போது மடங்கிய முழங்கால், செங்கல் சுமந்ததில் இன்னும் வீங்கியது.

ஒரு மத்தியானம் சின்னராசு வீடியோவில் வந்தான். கழுத்தில் கம்பளித் துண்டு, கன்னத்தில் சதை. ஒத்திகையில் கால் சுளுக்கிவிட்டதாம். அங்கே ஒத்திகையும் வேலைக் கணக்கில் சேர்த்தியாம். கூட ஆடுகிற உள்ளூர்க்காரர்களுக்கு ஆட்டம் இல்லாத மாதத்துக்கும் ஏதோ பணம் வருமாம். சிமெண்டுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தும் அவன் நிறுத்தவில்லை: "டாக்டரு காசே வாங்கலீங்கண்ணா. சம்பளத்தோட லீவு குடுத்துட்டாங்க. உங்க முட்டி எப்பிடி இருக்குதுங்க?"

ஆடிக் காட்டிய கதை

அந்தக் கேள்வி உறுத்தி, ஊர் திரும்பியதும் நலிந்த கலைஞர்களுக்கு உதவி கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். முழங்கால் போய்விட்டது, இனி ஆட முடியாது என்று மனுவில் எழுதியிருந்தேன். அங்கிருந்த அம்மாள் நல்ல மாதிரிதான். நிஜமாகவே கலைஞர்தானா என்று பார்க்க வேண்டுமே, இரண்டு அடி ஆடிக் காட்டுங்கள் என்றார்.

இரண்டு அடியோடு நின்றிருக்கலாம். ஆனால் பக்கத்து அறையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆள் கூடினால் கூத்துக்காரனுக்குப் புத்தி வேலை செய்யாது. மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே முழுச் சுற்று சுற்றி, மண்டி போட்டு, வசனமும் பேசி முடித்தேன். கைதட்டினார்கள். வலியில் கண்ணீர் வந்ததை நடிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் மனுவைத் திரும்ப ஒருமுறை படித்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டம் பிரமாதமுங்க. ஆனா ஆட முடியாதுன்னு எழுதியிருக்கீங்களே, இத நான் எப்பிடிங்க மேல அனுப்பறது?"

பொறுப்பு

இந்த வருஷம் அதே குழு மறுபடி அழைத்தது. இந்தத் தடவை ராஜாவும் வேண்டுமாம். நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டவன், பிரான்சிலிருந்து திரும்பியிருந்த சின்னராசு. என்னைப் பற்றி நல்லதாகவே சொன்னான், அதுவும் எரிந்தது. கடைசியில் பயண இன்சூரன்ஸில் மாட்டியது. ஏற்கெனவே அடிபட்ட முழங்கால் அதில் சேராதாம். அங்கே போய் விழுந்தால் யார் பொறுப்பு என்று குழுவினர் பின்வாங்கிவிட்டார்கள்.

ஆனால் கிரீடத்தை விடவில்லை. நாடகக் கொட்டகை வாசலில் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறார்களாம். அதற்கென்று ஒரு பெட்டி வந்தது, உள்ளே மெத்தென்று பஞ்சு. கிரீடத்தின் பேரில் தனியாக இன்சூரன்ஸ். என் தலை வேர்வை ஊறிக் கறுத்த உள்பட்டையைக்கூட துடைக்கக் கூடாதாம். சின்னராசு குழந்தையை வாங்குவதுபோல அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்: "கவலப்படாதீங்கண்ணா. இதுக்கு ஒரு கீறல் பட்டாலும் அவங்கதான் பொறுப்பாமுங்க."

சின்னராசுமேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்துவிட்டது. அது அப்படியே எழுந்துபோய் என் கிரீடத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது.