ஒரு நாள் ஊறிய குழம்பு

ராஜம்மாக்காவிடம் "முடியாது" என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும் சேதி. நான் இப்போது பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுகிறேன். அதற்கு முன்பு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் டீ மாஸ்டர். அக்கா அங்கே தலைமைச் சமையல். பக்கத்து மேனாம்பேட்டுக்காரி. அவள் அப்பன் உழுத வயலெல்லாம் இன்றைக்கு அடுக்குமாடி. கேன்டீன் கைமாறியதும் புது கான்ட்ராக்டர், "வயசாயிடுச்சு, ஊட்ல ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பிவிட்டான். ஐம்பத்தாறு ஒரு வயசா? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கொட்டாயக்குப்பம் என்கிற மீனவர் ஊரில் ஞாயிறுதோறும் கடற்கரையில் மீன் விருந்து. சென்னையே வண்டி கட்டிக்கொண்டு போகிறது. அங்கே வெளியூர்க்காரருக்கு ஒரு கடை காலியாக இருக்கிறது, ருசி பார்த்துக் கொடுப்பார்கள் என்று அக்காவுக்குச் சேதி வந்தது.

"அந்த எடம் எனக்குத்தான் நைனா. இல்லாங்காட்டி எவன் ஊட்லயாவது பாத்திரம் தேய்க்கணும். அது என்னால ஆவாது" என்றாள்.

ஞாயிறு காலை என் ஆட்டோவில் குழம்புச் சட்டியைக் காலிடுக்கில் வைத்து, வழி நெடுக மூடியை அழுத்திப் பிடித்தபடியே வந்தாள்.

அடேயப்பா, என்ன கூட்டம்! ஒரு பக்கம் வஞ்சிரம் பொரிகிறது, ஒரு பக்கம் நண்டு கொதிக்கிறது, ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிறது. விருந்தை நடத்துகிற ஊர்த் தலைவர் ஞானசேகரன் எங்களைப் பார்த்தார்.

"அடுப்பு எங்கம்மா? மீனு எங்க?"

"நேத்து சாய்ங்காலமே ஆக்கிட்டேன். விரால் மீனு, மாங்கா போட்டது. ஒரு நாள் ஊறினாத்தான ருசி?"

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தால் சனிக்கிழமையே குழம்பு கொதித்துவிடும். ஆக்கிய அன்றைக்கே மீன் குழம்பு ஊற்றினால் மரியாதைக் குறைவு. இங்கேயோ கண்ணெதிரே வெட்டி, கண்ணெதிரே ஆக்க வேண்டுமாம். கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"பழசா? அதுவும் ஏரி மீனா? சேத்து நாத்தத்தை எடுத்துகினு கடல்காரன்கிட்டயே வந்துட்டியா?" என்றார் ஞானசேகரன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. போகலாம்க்கா என்றேன்.

"நீ வேணா போ."

விருந்து நடக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே ரோட்டோரத்தில் சட்டியை இறக்கினாள். சப்பணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

"இதா சேத்து நாத்தம்? ஒருத்தராவது வாய்ல வச்சிட்டுச் சொல்லுங்க. நல்லா இல்லாட்டி நானே கடல்ல கொட்டிட்டுப் போறேன்!"

அரைமணி நேரம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்காவும் அசையவில்லை. அப்புறம், மீன் வெட்டும் பொன்னம்மாள் கை நிறையச் செதிலோடு வந்தாள். கையைக் கழுவிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த இட்லிக்கு ஒரு துண்டு கேட்டாள். தின்றாள். இன்னொரு துண்டு கேட்டாள். பிறகு போட்டாளே ஒரு சத்தம்!

"டேய் ஞானம்! காலைல உன் ஊட்ல இன்னா துன்ன?"

அவர் என்னவோ முனகினார்.

"நேத்து கொழம்புதானே? உன் பொண்டாட்டி எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தினாளே! கார்ல வர்றவங்களுக்குத்தான் புதுசு. நம்ம வாய்க்கு ஊறினதுதான்டா வேணும்."

இப்போது சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. மீன் வெட்டும் பெண்கள் ஒவ்வொருவராகத் தட்டோடு வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் சட்டியின் அடி தெரிந்தது. கடைசியில் ஞானசேகரனே வந்து கை நீட்டினார். மிஞ்சியது ஒரே ஒரு மாங்காய்த் துண்டு. அக்கா அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். கொட்டை வரைக்கும் சப்பினார் மனுஷன்.

"சரிம்மா. எடம் உனக்குத்தான். ஆனா ஒண்ணு, இங்கியே வந்துதான் ஆக்கணும்."

எனக்கு உயிர் வந்தது. சரிங்க என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து சேலையை உதறினாள்.

"இங்கியே ஆக்குறேன். சனிக்கிழமையே வந்துடுறேன். மூடியைத் தொறக்குறது ஞாயித்துக்கிழமைதான்."

"ராத்திரிக்கு எங்கம்மா தங்குவ?" என்றார் அவர்.

"எங்க ஊட்ல" என்றாள் பொன்னம்மாள்.