முகர்ந்து பார்க்காத பூ

ஜூன் மாதத்தில் கை கொள்ளாத அளவுக்கு அடுக்கடுக்காக விரியும் பியோனிப் பூக்களில் முதல் பூவைச் சித்தப்பா கையை நீட்டிப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் வீட்டுக்குள் கொண்டுவருவார். தன் மூச்சு அதில் பட்டுவிடக்கூடாது. சாமிக்கு வைக்கும் பூவை மனிதர் முகர்ந்தால் அது எச்சில் பட்டதற்குச் சமம் என்பது அவர் கணக்கு. புலம்பெயர்ந்து வந்த குளிர்தேசத்தில், லாசால் என்ற ஊரில் அவர் வாங்கிய வீட்டின் பின்வளவில், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன மூன்று செடிகள் அவை. துறைமுக வேலை முடிந்து வந்தால் நேரே அங்கேதான் போவார். மழையில் பூக்கள் பாரம் தாங்காமல் மண்ணில் சாயும் என்று, சித்தியின் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டிவிடுவார். வெட்டிய பூவைத் தலைகீழாகப் பிடித்து எறும்புகளை உதறுவார். பாதி எறும்பு அவர் கையில் ஏறிக்கொள்ளும்.

ஒன்பது வயதில், அவர் வெட்டி வைத்திருந்த பூ ஒன்றுக்குள் நான் மூக்கை நுழைத்துவிட்டேன். சித்தப்பா ஏசவில்லை. "மணந்த பூவைச் சாமிக்கு வைக்கேலாது பிள்ளை. நீயே வைச்சிரு" என்று கையில் தந்தார். எனக்கோ கொண்டாட்டம். இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பவர் அதன் வாசனையை அறியாமலே இருக்கிறாரே என்று வளர்ந்த பிறகுதான் எரிச்சல் வந்தது. ஒருமுறை மணந்து பாருங்கோ என்றால், "பேந்து பாப்பம்" என்பார். பிடிவாதக்காரர்.

அவர் சொன்ன அந்தப் 'பேந்து', அந்தப் 'பிறகு', ஒரு மே மாதக் கடைசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்தது. புற்றுநோய் முற்றியிருந்தது. "அந்தப் பூ என்ன மணம் பிள்ளை?" என்று அவராகவே கேட்டார். "கொண்டுவாறன் சித்தப்பா" என்றேன். வளவில் எல்லாம் இறுகிய பச்சை மொட்டுகள். விரலால் அழுத்தினால் மெத்தென்று ஆகும்வரை வெட்டக்கூடாது, வெட்டினால் விரியாது. தெரிந்தும் பெரிதாகப் பார்த்து ஒன்றை வெட்டினேன். இரண்டு நாள் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தும் அசையவில்லை. மூன்றாம் நாள் அதையே கொண்டுபோனேன்.

இரண்டு கைகளாலும் வாங்கி, மூக்கோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "ஓம் பிள்ளை. நல்ல மணம்" என்றார். அதில் ஒரு மணமும் இல்லை. எனக்காகச் சொன்னார். பூக்கள் விரிந்த கிழமை, அவர் செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு. சாவுத் தீட்டு இருக்கும் துடக்கு வீட்டில் சாமிக்குப் பூ வைப்பதில்லை. அந்த வருடம் அத்தனையும் செடியிலேயே உதிர்ந்தன.

இப்போது செடிகள் என் பொறுப்பு. இன்று காலை இந்த வருடத்தின் முதல் பூவை வெட்டி எறும்புகளை உதறினேன். சாமிக்கு நாளைய பூ போதும். இதை முகத்தோடு சேர்த்து ஆசைதீர முகர்ந்தேன். பிறகு சித்தப்பாவின் படத்துக்கு முன்னால், மிகக் கிட்டவாக வைத்தேன். படத்தில் அவர் முகம் நேராகத்தான் பார்க்கிறது.