மீமிசலில் நான் சொல்லாமல் விட்டது

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த கையோடு, ஓர் அயர்லாந்துத் தம்பதிக்குப் பதினெட்டு நாட்கள் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறவள். பிறந்து வளர்ந்தது மணமேல்குடி. "கடற்கரைப் பேச்சும் தெரிஞ்சு இங்கிலீஷும் தெரிஞ்ச ஆள் உங்களை விட்டா யாரும்மா?" என்று முதல்வர் கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆன்-டூட்டி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மனைவி ஓவியர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, நரைத்த தலையைக் கிராப்பாக வெட்டியிருந்தார். கணவர் படம் போடுகிறவர் இல்லை, ஒலிகளைப் பதிவு செய்கிறவர். மனைவி வரைந்த முகங்களுக்குப் பக்கத்தில் அந்த முகத்துக்குரியவர்களின் குரலை ஓடவிடுவது அவர்கள் வழக்கம். இருவருக்கும் சொந்த ஊர் அயர்லாந்தின் மேற்குக் கடற்கரை. ஆனால் இருபது வருடமாக ஜெர்மனியில்தான் இருந்தார்கள். அங்கே மூடிப்போன ஒரு நூல் ஆலையில் ஒரு தளம் முழுக்க அவர்கள் பட்டறை. "எங்கள் ஊரில் கடல் இருந்தது, வேலை செய்ய இடம் இல்லை. அங்கே இடம் இருக்கிறது, கடல் இல்லை" என்றார் அந்த அம்மாள்.

முதல் இரண்டு நாள் அவர்கள் பேசிய ஆங்கிலம் எனக்கே பிடிபடவில்லை. சொற்களை மென்று விழுங்கினார்கள். போன இடமெல்லாம் ஜனங்கள் "லண்டனாங்க?" என்று கேட்டார்கள். கணவர் முகம் சுருங்கி "அயர்லாந்து" என்பார். "அயர்லாந்துலேருந்தா வாரீக?" என்றால், "இல்லை, ஜெர்மனியிலிருந்து" என்பார். ஆவுடையார்கோயில் டீக்கடையில் ஒருவர், "ஏதாச்சும் ஒரு ஊரைச் சொல்லச் சொல்லுங்க டீச்சர்" என்று சலித்துக்கொண்டார். அதை மொழிபெயர்த்தேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நாளில் நான் எதையும் விடாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் தேடி வந்தது, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் தாய்மார்களை. நம் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்தோம். எல்லோரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, பையன் நல்லா இருக்கான், அடிக்கடி வீடியோவில் வாரான் என்றார்கள். ஓவியர் மரியாதைக்கு இரண்டு கோடு போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

எட்டாம் நாள் மீமிசலில் அந்த அக்காவைப் பார்த்தோம். கருவாடு காயப்போட்டு விற்கிறவர். மணலில் வலையை விரித்து நெத்திலியைக் கொட்டிக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். மூத்த மகன் கத்தாரில். போய் ஆறு வருடம். ஒருமுறைகூட வரவில்லை. மகள் புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் கிடையாது. எங்களைப் பார்த்து அவர் எழுந்திருக்கவும் இல்லை, முந்தானையைச் சரிசெய்யவும் இல்லை.

ஓவியர் எதிரில் மணலிலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார். கணவர் மைக்கை நீட்டினார். காற்றுச் சத்தம் விழாமலிருக்க அதன்மேல் பஞ்சுபஞ்சாக ஒரு மயிர் உறை போட்டிருப்பார். "இதென்ன டீச்சர், அணிலைப் புடிச்சுக் கட்டி வச்சிருக்காரு?" என்றார் அக்கா. அதையும் சொன்னேன்.

பிறகு ஓவியர் கேட்டார்: "இந்தக் கடலைப் பார்க்கும்போது உங்கள் மகனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?"

நான் தமிழில் கேட்டேன். அக்கா நெத்திலியைக் கிளறியபடியே சொன்னார்:

"கடலைப் பாத்தா மீனு படுமா படாதான்னுதான் நெனப்பேன். அவன் பிளேன்லல்ல போனான்? இதைப் பாத்து என்ன ஆகப்போவுது? அது கெடக்கட்டும் டீச்சர். இந்தம்மாவுக்கு ஆத்தா இருக்காகளா? உசுரோட இருக்காகன்னா கடைசியா எப்பப் போயிப் பாத்தாகளாம்? மொதல்ல அதைக் கேளுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்ன பேச்சு இது? வந்தவர்களிடம் இப்படியா கேட்பது? அதோடு, முதல் வாரத்தில் ஒருநாள் காரில் போகும்போது நானே அந்த அம்மாளிடம் பெற்றோரைப் பற்றி விசாரித்திருந்தேன். "அம்மா இருக்கிறார். போனில் பேசிக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மீதி வேறு. நம் ஜனங்கள் நாகரிகம் தெரியாதவர்கள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்ற கூச்சம். எட்டு நாளாக அவர்களுக்கு ஒரு நல்ல வாக்கியம்கூடக் கிடைக்கவில்லையே என்ற தவிப்பு. பென்சிலை நிறுத்திவிட்டு அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்:

"கடல் கொண்டுபோனதைக் கடலே திருப்பிக் கொண்டுவரும் என்கிறார்."

அது எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. ஓவியரின் கண் நிறைந்துவிட்டது. நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை விடாமல் எழுதினாரா என்று நான் எட்டிப் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கணவர் மட்டும் கேட்டார்: "அவர் நிறையப் பேசினாரே, நீங்கள் சின்னதாக முடித்துவிட்டீர்களே?"

"தமிழில் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வோம்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"கேட்டீகளா டீச்சர்?" என்றார் அக்கா.

"கேட்டேன்க்கா. இருக்காங்களாம். நல்லா இருக்காங்களாம்."

"எப்பப் போயிப் பாத்தாகளாம்?"

"போன வருசம்."

அப்படியாக இரண்டு பக்கமும் பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஓவியர் வேறு யாரையும் வரைய விரும்பவில்லை. தினமும் மீமிசல்தான். அக்கா பேசுவார், நான் செதுக்கிச் செதுக்கிச் சொல்வேன். முதல் பொய்க்குத் தோதாக மற்றதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆங்கிலத்தில் அக்கா நிதானமான, துயரமான, பெரிய வார்த்தை பேசுகிற ஒரு பெண்ணாக மாறிக்கொண்டே போனார். நிஜத்தில் அவர் பன்னிரண்டு மணி வெயிலில் ஐஸ் வண்டிக்காரனோடு மல்லுக்கு நிற்கிறவர். அந்தச் சண்டையும் பதிவாகியிருக்கும்.

கடைசி நாள் அக்கா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பை, அதற்குமேல் சணல். சீலாக் கருவாடு.

"இது அவுக ஆத்தாவுக்கு. வயசானவுகளுக்கு வாய் செத்துப் போயிருக்கும். வறுத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கச் சொல்லுங்க. கையில கொண்டுபோயிக் குடுக்கணும், தபால்ல போடக் கூடாது. அதையும் சொல்லிருங்க."

"உங்களுக்கு ஒரு அன்பளிப்பு" என்று மட்டும் ஓவியரிடம் சொன்னேன். அவர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். காரில் ஏறியதும், விமானத்தில் இதைக் கொண்டுபோக விடமாட்டார்களே, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் மடியில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். வீட்டில் எல்லோரும் இன்னும் இரண்டு கவளம் சாப்பிட்டார்கள்.

அவர்கள் ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு இரண்டு மூன்று மின்னஞ்சல் வந்தன. பிறகு நின்றுவிட்டன. ஆனி மாதம் தபாலில் ஒரு சிறு புத்தகம் வந்தது. அவர்கள் வைத்திருந்த கண்காட்சியைப் பற்றியது. அட்டையில் அக்காவின் முகம். அடியில், ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும், நான் கட்டிச் சொன்ன வாக்கியம். கண்காட்சிக்கே அதுதான் பெயர். உள்ளே நன்றிப் பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் என்று என்னைப் போட்டிருந்தார்கள்.

அன்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் காட்டினேன். மேசைக்கு மேசை போய் வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து நான்கு வரி உண்மை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது.

மூன்றாவது வாரம் ஓவியரிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்தது. அவர்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். முப்பது வருடமாக அங்கே இருப்பவர். தமிழ்க் குரல் கேட்கும், வந்து பாருங்கள் என்று ஓவியர்தான் அவரை அழைத்திருக்கிறார். அவர் கடையை அடைத்துவிட்டு வந்து, அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று குரலைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சுவரிலிருந்த வாக்கியத்தைப் படித்திருக்கிறார். மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு, ரொம்பத் தயங்கி, "அவர் இதைச் சொல்லவில்லையே" என்றிருக்கிறார். "உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா, கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள் என்றல்லவா கேட்கிறார்?"

ஓவியரின் தாய் அந்தக் கோடைக்குச் சற்று முன்புதான் இறந்திருக்கிறார். அயர்லாந்தில், தனியாக, கடலோர வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தாராம். அம்மாவும் மகளும் நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எதற்கோ ஒரு பேச்சு முற்றி, போனில் நலம் விசாரிப்பதோடு நின்றிருந்தது. அடுத்த கண்காட்சி முடியட்டும், போகலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் இல்லை. கடைசியில் இப்படி இருந்தது: "அந்தக் கடைக்காரர் இப்போது எல்லாப் பதிவுகளையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறார். இன்னும் நான்கு இடங்களில் அந்த மீமிசல் பெண்மணி என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறார். ஒரு பொட்டலத்தைப் பற்றியும் பேசுகிறார். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

பதில் எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. உங்கள் மனம் நோகுமென்று என்று எழுதி அழித்தேன். எங்கள் பண்பாட்டில் என்று ஆரம்பித்து அதையும் அழித்தேன். கடைசியில், எங்கள் ஊர்ப் பெண்ணின் பேச்சு எனக்கு வெட்கமாக இருந்தது, என் வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதினேன். கருவாட்டை நாங்கள் சாப்பிட்டுவிட்டோம் என்பதையும் எழுதினேன்.

அவர் பதில் இரண்டே வரி. "என் அம்மாவின் வயது எனக்குத் தெரியும். நினைவூட்ட இன்னொருவர் தேவைப்பட்டிருக்கக் கூடாது." அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் குறை சொன்னது தன்னைத்தான். நான் சொல்லியிருந்தால் அவர் டிக்கெட் எடுத்திருப்பாரா, எடுக்காமலே இருந்திருப்பாரா, யாருக்குத் தெரியும்? தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

அந்தச் சனிக்கிழமை அறந்தாங்கி போய் பஸ் மாறி மீமிசல் போனேன். அக்காவின் மகளும் அன்று வீட்டில் இருந்தாள். கல்லூரி மூன்றாம் வருடம். புத்தகத்தை வாங்கி அட்டையைப் பார்த்து, "அம்மா, ஒன் மூஞ்சி!" என்று கத்தினாள். பிறகு கீழே இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னாள். அக்கா என்னைப் பார்த்தார்.

"நான் எப்ப டீச்சர் இப்படிச் சொன்னேன்?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் வேப்பமர நிழலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆத்தா மூஞ்சியவாச்சும் பாத்தாகளா?"

"இல்லக்கா. இவங்க போறதுக்குள்ள பெட்டியை மூடிட்டாங்களாம்."

அக்கா மகளைப் பார்த்து, "அந்தம்மா நம்பர் இருக்கா கேளு" என்றார். கொடுத்தேன். "இப்பவே போடு" என்றார்.

நான் முன்னால் வந்தேன். "நான் சொல்றேன்க்கா. இந்தத் தடவ ஒரு வார்த்தை விடாம சொல்றேன்."

அவர் குரல் ஏறவில்லை. முன்னைப் போலவே மரியாதையாகத்தான் சொன்னார்.

"வேணாம் டீச்சர். நீங்க சிரமப்படாதீங்க. எம் மக பேசிக்கிருவா."

வீடியோவில் ஓவியரின் முகம் வந்தது. அங்கே இன்னும் காலை. பின்னால் ஆலையின் உயரமான ஜன்னல்கள். அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல, மகள் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். காலம் பிசகியது, வேற்றுமை பிசகியது. 'ஷீ' வர வேண்டிய இடத்தில் 'ஹீ' வந்தது. எத்தனையோ வருடமாக வகுப்பில் திருத்திய பிழைகள் அத்தனையும் ஒன்றுவிடாமல் வந்தன. நான் வேப்பமரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ஓவியர் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார். எல்லாம் புரிந்ததுபோல்தான் இருந்தது.

அக்காவும் ஓவியரும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள் என்று மகளை ஒருமுறை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னாள். மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. என்ன பேசுவார்கள் என்று கேட்டேன்.

"சும்மாதான் மேடம்," என்றாள். அவளுடைய பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.