தவம் அண்ணையின் தாய்வான் படம்

தவம் அண்ணை போய்விட்டார்.

முந்தநாள் விடிய, மல்வேர்ன் வீட்டில், நித்திரையிலேயே... பழைய வேலைத்தல குரூப்பில் செய்தி வந்தது.

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் ஃபாக்டரியில் கனகாலம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் மெஷின் ஒப்பரேட்டர், நான் மெயின்ரனன்ஸ்.

அவர் யாருக்கும் குட் மோர்னிங் சொல்லி நான் கேட்டதில்லை. "சாப்பிட்டாச்சோ?" என்றுதான் கேட்பார். வெள்ளைக்கார சுப்பர்வைசரிடமும் அதையே இங்கிலிஷில் கேட்பார்.

கொம்பனி தாய்வானிலிருந்து ஒரு புது மெஷின் வாங்கியது. அதைப் பழகிவர எங்கள் இருவரையும் தாய்ச்சுங் நகரத்துக்கு இரண்டு கிழமை அனுப்பினார்கள்.

ஏர்போர்ட்டில் அண்ணையின் மனைவி சாந்தி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அண்ணைக்குச் சுகர். கொஞ்சக் காலம் முன்புதான் நேரத்துக்குச் சாப்பிடாமல் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்திருந்தார்.

"தம்பி, உவரைத் தனிய விட்டிடாதேங்கோ. பக்கத்தில ஆள் இல்லாட்டி உவர் சாப்பிடமாட்டார்."

யோசிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய ஆள் மாதிரிச் சொன்னேன்.

முதல் நாள் பின்னேரமே இரவுச் சந்தைக்குப் போனோம். ரோட்டை அடைத்துக் கடைகள்... புகை, எண்ணெய் வாசம், நாறுகிற டோஃபு, டீ குலுக்குகிற சத்தம். ஒரு கடையில் கணவாய் சுட்டுக் குச்சியில் குத்தி விற்றார்கள். அதைக் கண்டதும் அண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை.

ஹோட்டல் வான் ட்ரைவர் "சாப்பிட்டாச்சோ" என்பதை அவர்களுடைய பாஷையில் சொல்லிக்கொடுத்திருந்தார். அங்கேயும் பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் கண்டால் அப்படித்தான் கேட்பார்களாம். இது போதாதா இவருக்கு?

கடை கடையாக நின்று கேட்டார். கணவாய்க்காரியிடம் கேட்டார். லைனில் நின்ற சனத்திடமும் கேட்டார்.

பிறகு ஜாக்கெட் பொக்கெற்றிலிருந்து ஒரு சின்னப் போத்தல் வெளியே வந்தது. வீட்டுக் கறித்தூள். சிப்பி போட்ட ஒம்லெட்டுக்கு மேலே தூவினார். கணவாய்க்காரிக்கும் ஒரு துண்டில் போட்டுக் கொடுத்தார். அவள் இருமி இருமிச் சிரித்தாள்.

எங்களுக்கு மெஷின் பழக்கிய தாய்வான் எஞ்சினியர்களும் கூட வந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். என்ன சிரிப்பென்று எனக்குத் தெரியாது. எனக்கு முகம் செத்துப்போனது.

அடுத்த நாள் ரிப்போர்ட் எழுத இருக்கிறது என்றேன். அதற்கடுத்த நாள் தலையிடி.

"நீர் படுத்திரும் தம்பி, நான் ஒருக்கா நடந்திட்டு வாறன்" என்பார். ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

அவர் போனதும் நான் எஞ்சினியர்களோடு ஏசி போட்ட மோலுக்குக் கோப்பி குடிக்கப் போவேன். அவர்களுக்கு முன்னால் கொஞ்சம் ஸ்டைலாக இருக்கவேண்டுமாம் எனக்கு.

ஒரு பின்னேரம் கோப்பி முடிந்து வெளியே வருகிறோம்... ரோட்டின் மறுபக்கம், சந்தை வாசலில் தவம் அண்ணை. நீலக் கொம்பனி ஜாக்கெட். கையில் ஒரு பை. சனத்துக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஸ்கூட்டர் வரிசைக்குப் பின்னால் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டினேன். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை.

நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை.

விடிய என் அறைக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே வெங்காயத்தாள் ரொட்டி, ஆறிப்போய். அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

ரொறன்ரோ வந்தபிறகு லஞ்ச்ரூமில் எல்லோருக்கும் கதை சொல்வார். தானும் தம்பியும் அங்கே ஒரு கடை விடவில்லையாம். அண்ணை சும்மா புளுகுகிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேற்று அண்ணை வீட்டுக்குப் போனேன். சாந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஃபோனைக் காட்டினார்.

சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலில் அண்ணை. நீல ஜாக்கெட், வாயெல்லாம் பல். முன்னால் மீன் உருண்டை சூப், இரண்டு கிண்ணம். ஒன்று அவருக்கு. மற்றது எதிரே, வெறும் ஸ்டூலுக்கு முன்னால், கரண்டியும் போட்டு வைத்திருக்கிறது. பின்னால் அந்த ஸ்கூட்டர் வரிசை.

அக்கா தள்ளத் தள்ளப் படங்கள் வந்தன. ஒவ்வொரு பின்னேரமும் ஒன்று. எல்லாவற்றிலும் இரண்டு பேருக்குச் சாப்பாடு.

"அங்கை பின்னேரம் எடுக்கிற படம் எனக்கு இங்கை காலமை வரும் தம்பி. நீங்கள்தான் எடுத்தது எண்டு சொல்லுவார். இதைப் பார்த்திட்டுத்தான் நான் வேலைக்கு வெளிக்கிடுறது. நீங்கள் கூட நிண்டபடியால்தான் மனிசன் நேரத்துக்குச் சாப்பிட்டது."

வீடு நிறையச் சனம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம் அக்கா" என்று தலையாட்டினேன்.

அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது... நான் ஓம் என்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது. இரவு முழுக்க நித்திரை வரவில்லை. நேரே சொல்ல வாய் வராதவன் இங்கே எழுதுகிறேன். அக்காவின் மகள் இதை வாசித்துக் காட்டுவாள்.

சாந்தி அக்கா, அந்தப் படங்களில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை. கணவாய்க்காரி எடுத்திருப்பாள். முதல் நாளுக்குப் பிறகு நான் அவரோடு போகவேயில்லை. அந்த ஸ்டூலில் ஒருவரும் இருக்கவில்லை.

நாளைக்கு ஃபியூனரல் ஹோமுக்கு வருவேன். நீங்கள் முகம் கொடுத்துக் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

போயிட்டு வாங்கோ அண்ணை...

நான் இன்னும் சாப்பிடேல்லை.