கல் இறங்க ஒரு வழி

தீவுகள் மன்றத்தின் நிர்வாக அதிகாரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. துறைமுகத்தில் அதைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். கல்லம்மா என்றால் போதும், பழைய ஐஸ் ஆலையின் மாடியைக் கை காட்டிவிடுவார்கள். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், "கல்லு எப்ப வரும்?" என்று கேட்டுத்தான் முடிப்பார். மேலிடத்து அதிகாரிகள் கேலியாக வைத்த பட்டம் அது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"மண்ணுன்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார்.

மாடியில் மன்றத்துக்கு மூன்று அறைகள். மீன்பெட்டி வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. ஜன்னலை ஒட்டி மேசை போட்டுக்கொள்ள மாட்டார்; கடல் கண்ணில் பட்டால் வேலை ஓடாது என்பார். மேசைக்கு அடியில் ரப்பர் செருப்பு, நாற்காலி முதுகில் மழைக்கோட்டு, இழுப்பறையில் காய்ந்த பிஸ்கட். எதிர்ச் சுவரில் தீவுகளின் வரைபடம். கரைகள் எல்லாம் பென்சில் கோடு. ஒருமுறை மையில் போடச் சொன்னபோது வரைபடக்காரர் சிரித்தார்.

"எதுக்கும்மா மையை வீணாக்கிக்கிட்டு? அடுத்த மழைக்கு மறுபடியும் அழிக்கணும்."

அதே ஆலை மாடியில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவர்தான் அவர். அதிகாரிகள் வருவார்கள், ஒரு மழைக்காலத்தைப் பார்ப்பார்கள், இடமாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவர் போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருந்தார். தண்ணீர்ப் படகு, டீசல், மருந்து, வாத்தியார் சம்பளம் என்று ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்தது. கடைசியில் மொத்த நிர்வாகமும் விழுந்தது. வீட்டில் கணவர், ஓய்வுபெற்ற கடிகார மெக்கானிக், இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கேட்பார்: "உன் புள்ளைங்க எல்லாத் தீவும் இன்னைக்கு முழுசா இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம் இளைச்சிருக்கு."

மிகவும் இளைத்தது கடைசித் தீவு. அவர் பிறந்தது அங்கேதான். தம்பி இன்னும் அங்கேதான் இருந்தான், படகு இன்ஜின் பழுது பார்த்துக்கொண்டு. கடல் ஆண்டுதோறும் கரையை நக்கிக்கொண்டே வந்தது. தடுக்க வேண்டுமானால் கரை நெடுகப் பாறை கொட்ட வேண்டும். பாறை கொடுக்க மேலிடம் ஒரு விதி வைத்திருந்தது. பள்ளிக்கூடம் நடக்கிற தீவு ஊர். நடக்காத தீவு வெறும் மணல் திட்டு. திட்டுக்குக் கல் கிடையாது.

குடும்பங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, தம்பி மகள் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். ஒரு வாத்தியார், ஒரு மாணவி. அவள்தான் வகுப்புத் தலைவி, அவள்தான் கடைசி பெஞ்சு.

மகளைத் துறைமுக ஊருக்கு அனுப்பி அத்தை வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்கத் தம்பி மனைவி ஆசைப்பட்டாள். அத்தை கல்லம்மாவே தடுத்தார். "கல்லு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ. இவ கிளம்புனா பள்ளிக்கூடம் மூடிடும். அப்புறம் ஒரு கூடைக் கல்லு கூட என்னால வாங்க முடியாது."

"அண்ணி, இவ பள்ளிக்கூடத்துக்குப் போறாளா, இல்ல பள்ளிக்கூடத்தைத் தலையில தூக்கிக்கிட்டு நிக்கிறாளா?"

தம்பிதான் இடையில் புகுந்தான். "அக்கா சொல்லிட்டா இல்ல? வரும்." அவன் சொன்னதால் மிச்சமிருந்த வீடுகளும் தங்கின.

கல் வந்தது. ஒரு காலை துறைமுகத்தில் இரண்டு தட்டைக் கப்பல்கள் வயிறு அழுந்த நின்றன, மேலே கரும்பாறை மலைபோல. கல்லம்மா மழைக்கோட்டை மறந்து படியிறங்கி ஓடினார். ஒரு பாறையைக் கையால் தட்டிப் பார்த்தார், சந்தையில் பூசணி வாங்குகிறவர் மாதிரி. மேலே ஏறி வந்து கடைசித் தீவின் வாத்தியாரை வயர்லெஸ்ஸில் பிடித்தார்.

"கல்லு வந்துடுச்சு சார். தம்பிகிட்ட சொல்லுங்க. இறக்குறதுக்கு இடம் பார்த்து வைக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் வாத்தியார் சிரித்தாரா, அழுதாரா என்று தெரியவில்லை. இரைச்சல்தான் கேட்டது.

மறுநாள் வானம் இருண்டது. தீவின் வயர்லெஸ்ஸுக்குச் சூரிய வெளிச்சம்தான் சாப்பாடு. வெயில் இல்லையென்றால் ஊமை. மேகத்தோடு பெரிய அலையும் வந்தது. கடைசித் தீவை விட்டுவிட்டு, யாரும் கவலைப்படாத முதல் தீவில் போய் மோதியது. சந்தை, ஆஸ்பத்திரி, ஜனத்தொகையில் பாதி எல்லாம் இருக்கிற தீவு. கடலோரச் சாலை ஒரே ராத்திரியில் காணாமல் போனது.

மன்றத் தலைவர் நனைந்த வேட்டியோடு மாடியேறி வந்தார். பின்னால் பொறியாளர்.

"ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணிம்மா. பிரசவ வார்டுல கட்டிலைச் செங்கல் மேல ஏத்தி வெச்சிருக்காங்க."

"மேலிடத்துல கேளுங்க தலைவரே. வேற கல்லு அனுப்பச் சொல்லுங்க."

"கேட்டேன். இருக்கிற கல்லை எங்க போடறதுன்னு உங்க நிர்வாக அதிகாரி முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டாங்க."

கல்லம்மா பொறியாளரைப் பார்த்தார். "பிரிச்சுப் போட முடியாதா?"

"பாதி பாதியாப் போட்டா ரெண்டு இடத்துலயும் கடல் உருட்டிட்டுப் போயிடும். ஒரு இடம்தான் மேடம்."

அறையில் யாரும் குரலை உயர்த்தவில்லை. தலைவர் மேசையைத் தட்டியிருந்தால், மிரட்டியிருந்தால், கல்லம்மாவுக்குச் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பார். அவரோ வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டு நின்றார். சுவரில் பென்சில் கோடுகள். முதல் தீவு உள்ளங்கை அகலம். கடைசித் தீவு நகம். கணக்குப் போடத் தேவையே இல்லை.

"முதல் தீவுல இறக்குங்க" என்றார்.

வீட்டுக்குப் போனதும் கணவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்திவைத்தார். "வயர்லெஸ்ஸும் ஊமையாக் கெடக்கு. தம்பிக்கு யார் சொல்லப் போறது?"

"நான்தான். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டான்."

கடல் அடங்கியதும் முதல் படகில் கிளம்பினார். படகோட்டி வாயாடி, அன்று இன்ஜினை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். தீவின் மேற்குக் கரைக்கு வழக்கமாகப் பவளப்பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். தீவு கண்ணில் பட்டதும் படகோட்டி வேகத்தைக் குறைத்தார்.

"அம்மா, இது நம்ம தீவுதானா?"

கிழக்குக் கரையில் சவுக்குத் தோப்பு இல்லை. அப்பா காலத்தில் நட்டு, வேரோடு வேர் பின்னி மணலைப் பிடித்துவைத்திருந்த தோப்பு. கடற்காற்று முதலில் அதில் மோதி, களைத்துப் போய்த்தான் வீடுகளுக்கு வரும். இப்போது அங்கே வெட்டுண்ட அடிமரங்கள், நடுவே பட்டையாக ஒரு வழி. வழியின் முடிவில் வீடுகள், துணியில்லாமல் நிற்பதுபோல். கல்லோடு வரும் தட்டைக் கப்பல் கரையில் முட்டி நிற்க ஆழமுள்ள பக்கம் அது ஒன்றுதான்; தோப்பு தண்ணீர் வரை அடைத்து நின்றதால் இதுவரை அங்கே படகு ஒதுங்கியதில்லை. 'இடம் பார்த்து வைங்க' என்று சொன்னபோது நான்கு கொம்பு நட்டு வைப்பார்கள் என்றுதான் அவர் நினைத்தார். இத்தனை வருடம் காத்திருந்தவர்கள் இனி ஒரு நாளும் காத்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

கரையில் எல்லோரும் துண்டை வீசி அந்தப் புது வழியைக் காட்டினார்கள். தம்பி மகள் முழங்கால் தண்ணீரில் ஓடி வந்தாள். "அத்தை! கல்லு பின்னாடி வருதா?"

தம்பி ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் கோடாலிக் கொப்புளம். அக்கா பக்கத்தில் வந்து நிற்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லவே வேணாம்" என்றான். "கல்லு வந்திருந்தா நீ படகுக்கு முன்னாடி நீந்தி வந்திருப்ப."

"முதல் தீவுக்குப் போயிடுச்சுடா."

"யாரு அனுப்புனது?"

"நான்தான்."

வீசிக்கொண்டிருந்த துண்டுகள் ஒவ்வொன்றாகத் தோளுக்குத் திரும்பின. கல்லம்மா ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு என்று ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். காற்று திறந்த வழியில் நேரே வந்து, தம்பி வீட்டு அடுப்படி வரைக்கும் மணலைக் கொண்டுபோய்க் கொட்டியது. உள்ளே தம்பி மனைவி பாத்திரங்களைக் கவிழ்த்துவைக்கும் சத்தம்.

"சரி, அடுத்த கல்லு எப்ப வரும்?" என்றான் தம்பி.

அவர் ஆயுசு முழுக்க மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. அதற்கு அவர்கள் சொன்ன பதில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பரிசீலனையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம். ஆவன செய்கிறோம். எதையாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"வராது."

தம்பி தலையாட்டினான். வெட்டிய வழியைப் பார்த்தபடி சொன்னான். "வெட்டுனதும் ஒரு வகைக்கு நல்லதாப் போச்சுக்கா. பெரிய படகே உள்ள வரும். பீரோவைத் தூக்கிக்கிட்டுப் பாறை மேல நடக்க வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை.

தம்பி மனைவி மகளின் பையோடு வெளியே வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்த கல்லம்மாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. "அண்ணி, இவளை இப்பவே கூட்டிட்டுப் போங்க. நாங்க சாமானைக் கட்டிட்டு வர்றோம்."

தம்பி மகள் வாத்தியாரைப் பார்த்தாள், பிறகு அத்தையை. "நான் வந்துட்டா பள்ளிக்கூடம் மூடிடுவாங்களே அத்தை? நீங்கதானே சொன்னீங்க?"

"மூடட்டும்."

பையை வாங்கிக்கொண்டார். உள்ளே புத்தகம் அதிகமில்லை, துணிதான். ரொம்ப நாளைக்கு முன்பே மடித்துவைத்த துணி, மடிப்பு கலையாமல் இருந்தது.

படகு பின்வாங்கியது. வழக்கமாகப் பாறைகளுக்கு நடுவே திருப்புவதற்குள் படகோட்டிக்கு வியர்த்துவிடும். இன்று ஒரே இழுப்பில் வெளியே வந்துவிட்டது.

"வழி நல்லா அகலமா இருக்கும்மா" என்றார் பழக்கத்தில். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கல்லம்மா பையை மடியில் வைத்துக்கொண்டார். தம்பி மகள் மட்டும் கரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இருந்தாள். மறைக்க மரம் இல்லாததால், வெகுதூரம் போன பிறகும் அவள் வீடு தெரிந்துகொண்டே இருந்தது.